லோடு லாரி இரவில் எங்கே நிற்க வேண்டும்: சரக்குத் திருட்டைத் தடுக்கும் வழிமுறைகள்

ஓடுகிற லாரியிலிருந்து சரக்கை எடுப்பது கடினம். நிற்கிற லாரியிலிருந்து எடுப்பது எளிது. இது தெரியாத லாரி உரிமையாளர் இருக்க முடியாது. அப்படியிருந்தும் பல நிறுவனங்களில் பயணத் திட்டம் என்பது எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர், எப்போது போய்ச் சேரும் என்ற மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. வண்டி இரவில் எங்கே நிற்கும் என்ற நான்காவது கேள்வியை, கண்ணைத் தூக்கம் அழுத்தும் நேரத்தில் ஓட்டுநர் தனியாகத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கான விடை வண்டி கிளம்புவதற்கு முன்பே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை. பூட்டும் சீலும் ஜிபிஎஸ் கருவியும் முக்கியமானவை என்றாலும் அவை அடுத்த வரிசையில்தான் வருகின்றன.

நிறுத்தத்தை முன்கூட்டியே கணக்கிடுதல்

வண்டி எப்போது நிற்கும் என்பதைச் சட்டமே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டிய பிறகு 45 நிமிடம் இடைவெளி எடுத்தாக வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரம் வரை ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அதை 10 மணி நேரமாக நீட்டிக்கலாம். அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகே அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்ட அனுமதி உண்டு. இப்படிப்பட்ட வரம்பு எந்த நாட்டில் இருந்தாலும், லோடு ஏற்றி முடியும் நேரத்தையும் சாலையின் சராசரி வேகத்தையும் வைத்து, வண்டி ஏறக்குறைய எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டியிருக்கும் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தே கணக்கிட்டுவிடலாம். இதே கணக்கைத் திருடர்களாலும் போட முடியும் என்பதை மறக்கக் கூடாது. தினமும் ஒரே கிடங்கிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும் வண்டிகள் எந்த ஓய்விடத்தில் வந்து சேர்கின்றன என்று அவர்கள் சில நாள் பார்த்தாலே போதும்.

எனவே பயணத்தைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள். முதலில் பாதுகாப்பான நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்பக் கிளம்பும் நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் ஒரு மணி நேரமாவது ஓட்டும் நேரம் மிச்சமிருக்கும்போதே வண்டி அந்த இடத்தை அடைந்துவிட வேண்டும். நல்ல நிறுத்துமிடங்கள் மாலையிலேயே நிரம்பிவிடுகின்றன. நிரம்பியிருந்தால் அடுத்த இடத்துக்குப் போவதற்கு அந்த ஒரு மணி நேரம்தான் கைகொடுக்கும். அது இல்லாத ஓட்டுநர், சட்டத்தை மீறி ஓட்டுவதா, இருட்டான சாலையோரத்தில் நிற்பதா என்ற இக்கட்டில் மாட்டிக்கொள்கிறார். முன்பதிவு வசதி இருக்கும் இடங்களில் முன்பதிவை ஓட்டுநரிடம் விடாமல் அலுவலகமே செய்ய வேண்டும். கட்டணத்தையும் நிறுவனமே நேரடியாகக் கட்ட வேண்டும். ஓட்டுநர் தன் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு ரசீதோடு அலைய வேண்டும் என்று வைத்தால், கட்டணமில்லாத சாலையோரத்தையே அவர் தேர்ந்தெடுப்பார். அதற்காக அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

லோடு ஏற்றிக் கிளம்பிய பிறகான முதல் சில மணி நேரம் தனிக் கவனம் தேவைப்படுவது. கிடங்கு வாசலிலிருந்தே வண்டியைப் பின்தொடர்ந்து, ஓட்டுநர் முதன்முறை இறங்கும் இடத்தில் கைவரிசை காட்டுவது திருட்டுக் கும்பல்களின் பழைய வழக்கம். இதனால்தான் அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்தில் ஏற்றிய இடத்திலிருந்து சுமார் 200 முதல் 250 மைல், அதாவது 320 முதல் 400 கிலோமீட்டர் வரையிலான தொலைவைச் சிவப்பு மண்டலம் என்று சொல்லி, அதற்குள் நிற்காமல் போகும்படி ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்துகிறார்கள். டீசல் நிரப்புவது, சாப்பிடுவது, குளிப்பது, தூங்குவது எல்லாவற்றையும் லோடு ஏற்றுவதற்கு முன்பே முடித்துக்கொண்டால் இது நடக்கக்கூடியதே. ஏற்றுவதற்காக ஐந்து மணி நேரம் கிடங்கு வாசலில் காத்திருந்த ஓட்டுநரிடம் இதை எதிர்பார்க்க முடியாது என்பதால், ஏற்றும் நேரத்தைக் கிடங்குக்காரர் காப்பாற்றுவதும் திருட்டுத் தடுப்பின் ஒரு பகுதிதான்.

வார இறுதியும் நீண்ட விடுமுறையும் ஆபத்தானவை. வெள்ளிக்கிழமை மாலை ஏற்றி, திங்கட்கிழமை காலை இறக்கப்படும் சரக்கு இரண்டு மூன்று இரவுகள் எங்கோ நிற்கிறது என்று பொருள். அந்த நாட்களில் அலுவலகத்தில் ஆள் இருப்பதில்லை. திருட்டு நடந்ததே திங்கட்கிழமைதான் தெரியவருகிறது. விலை உயர்ந்த சரக்கு என்றால் வெள்ளிக்கிழமை ஏற்றவே வேண்டாம் என்று சரக்கு உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். ஏற்றும் நாளை மாற்ற ஒரு தொலைபேசி அழைப்பு போதும். எந்தப் பூட்டுக்கும் அந்த வலிமை கிடையாது.

இறக்கும் இடத்தின் நேரத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பால் ஏற்றிச் சென்ற ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர், இறக்க வேண்டிய இடத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டதால் உள்ளே நிறுத்த முடியாமல், அருகில் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கினார். அங்கே ஒரு கொள்ளையன் அவரைச் சுட்டுக் கொன்றான். கொள்ளை போன தொகை 7 டாலர். அவருடைய மனைவி தொடர்ந்து போராடியதன் விளைவாக, லாரி நிறுத்துமிடங்களைப் பெருக்குவதை நோக்கமாகக் கொண்ட ஜேசன் சட்டம் 2012-ஆம் ஆண்டில் அங்கே நிறைவேறியது. சரக்குத் திருட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சரக்கின் மதிப்பையே பேசுகிறோம். வண்டிக்குள் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் எழுதும்போதே, முன்னதாக வந்து சேரும் வண்டியை வளாகத்துக்குள் நிறுத்த அனுமதி உண்டா, இரவு முழுவதும் இருக்கலாமா, கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறுத்துமிடத்தை மதிப்பிடுவது எப்படி

பாதுகாப்பான நிறுத்துமிடம் என்ற பலகை மட்டும் இருந்தால் போதாது. இதற்கென்று எழுதப்பட்ட தரநிலைகள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குவிதி, லாரி நிறுத்துமிடங்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு பாதுகாப்புப் படிநிலைகளாகப் பிரிக்கிறது. கழிப்பறை, குளியலறை போன்ற அடிப்படை வசதிகள் நான்கு படிநிலைகளுக்கும் பொதுவானவை. சரக்குப் பாதுகாப்புக்காக 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாபா என்ற பன்னாட்டுச் சங்கமும் நிறுத்துமிடங்களுக்கும், லாரிகளுக்கும், கிடங்குகளுக்கும் தனித்தனித் தரநிலைகளை வைத்திருக்கிறது. சான்றிதழ் பெற்ற இடம் உங்கள் வழித்தடத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாத வழித்தடங்களே அதிகம் என்பதால், ஒரு இடத்தைச் சொந்தமாக மதிப்பிடவும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலியைப் பார்க்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள். சாலையை நோக்கிய பக்கம் உயரமான கம்பி வேலியும், பின்னால் வயலையோ புதரையோ ஒட்டிய பக்கம் ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசலும் இருப்பது வழக்கமான காட்சி. வேலியை ஒட்டி வண்டிகள் நிற்கின்றனவா என்றும் கவனியுங்கள். அப்படி நின்றால் லாரியின் கூரையே வேலியைத் தாண்டும் ஏணியாகிவிடும். விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதைவிட, வண்டிகளுக்கு இடையே நிழல் எங்கே விழுகிறது என்பதே முக்கியம். இரண்டு உயரமான டிரெய்லர்களுக்கு நடுவே உள்ள இருட்டுச் சந்தில் ஒருவன் மணிக்கணக்கில் மறைந்திருக்க முடியும்.

எல்லாவற்றையும் விட நான் முதலில் கேட்கும் கேள்வி வெளியேறும் வாசலைப் பற்றியது. உள்ளே வருகிறவரைப் பதிவு செய்யும் இடங்கள் பல உண்டு. வெளியே போகும் வண்டியை ஓட்டுகிறவர் அதை உள்ளே கொண்டுவந்தவர்தானா என்று சரிபார்க்கும் இடங்கள் குறைவு. திருடனின் அவசரம் வெளியேறுவதில்தான் இருக்கிறது. அங்கே ஒரு தடையும், வண்டி எண்ணையும் ஓட்டுநரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு மனிதரும் இருந்தால் வண்டியோடு சரக்கைக் கடத்துவது மிகக் கடினமாகிவிடும். அடுத்த கேள்வி கேமராவைப் பற்றியது. கேமரா எத்தனை என்பதைக் கேட்காதீர்கள். அந்தத் திரையை இரவு இரண்டு மணிக்கு யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, வண்டி எண் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில்.

ஓட்டுநர்கள் தங்கிப் பார்த்துச் சொல்லும் செய்திகளை அலுவலகத்தில் ஒரு பட்டியலாக வைத்துக்கொள்வது எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல. எந்த வாசல் பழுதடைந்திருக்கிறது, எந்த இடத்தில் போன மாதம் டீசல் திருட்டு நடந்தது, எங்கே இரவில் முன்பின் தெரியாதவர்கள் வண்டிகளுக்கு இடையே நடமாடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். டீசல் திருட்டைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். டீசல் தொட்டியை யாரும் தடுக்காத இடத்தில் டிரெய்லர் கதவையும் யாரும் தடுக்கப் போவதில்லை.

வண்டியை நிறுத்தும் முறை

நிறுத்துமிடத்துக்குள் எந்த மூலையில், எந்தத் திசையில் நிறுத்துகிறோம் என்பதும் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தும். பின்கதவைத் திறக்க இடம் கிடைக்காதபடி, சுவரை ஒட்டியோ மற்றொரு வண்டியின் பின்பக்கத்தோடு பின்பக்கம் நெருக்கியோ நிறுத்துங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு வண்டிகள் சேர்ந்து பயணம் செய்தால் இது எளிது. வரிசையின் கடைசி வண்டியாக, வேலியோரத்தில், மரத்தடி இருட்டில் நிற்பதைத் தவிருங்கள். கேமராவின் பார்வைக்குள், விளக்கின் கீழ், காவலர் அறையிலிருந்து தெரியும் இடத்தில் நிற்பது தூக்கத்துக்குச் சற்று இடைஞ்சலாக இருக்கலாம். ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டுக்கொண்டால் அதைச் சமாளிக்கலாம்.

பக்கவாட்டில் தார்ப்பாய்த் திரை போட்ட டிரெய்லர்களுக்குப் பின்கதவுப் பாதுகாப்பு மட்டும் போதாது. கத்தி ஒன்று இருந்தால் போதும், திரையைக் கிழித்துவிடலாம். முதலில் ஒரு சிறிய வெட்டு போட்டு, அதன் வழியே உள்ளே என்ன இருக்கிறது என்று விளக்கடித்துப் பார்ப்பார்கள். சரக்கு பிடித்திருந்தால்தான் பெரிய வெட்டு விழும். காலையில் திரையில் உள்ளங்கை அளவில் அரைவட்டமாக அல்லது மூலையாக ஒரு கீறலைக் கண்டால், சரக்கு குறையவில்லையே என்று நிம்மதியடைந்து கிளம்பிவிடாதீர்கள். உங்கள் லோடு என்னவென்று யாரோ பார்த்துவிட்டார்கள். அன்றிரவு எங்கே நிற்கப் போகிறீர்கள் என்ற திட்டத்தை உடனே மாற்றி, அலுவலகத்துக்கும் அந்த நிறுத்துமிடத்தாருக்கும் சொல்லுங்கள். மதிப்புமிக்க சரக்கை இவ்வகை டிரெய்லரில் ஏற்றுவதே தவறு என்பது என் கருத்து. வேறு வழியில்லாதபோது வெட்டைத் தாங்கும் கம்பி வலை பொதிந்த திரையைக் கேளுங்கள். டிரெய்லர் காலியாக இருந்தால், சட்டமும் இடமும் அனுமதிக்கும் பட்சத்தில் பின்கதவைத் திறந்து விட்டே நிறுத்தலாம். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தால் திரை தப்பும்.

இழுவை வண்டியைக் கழற்றிவிட்டு டிரெய்லரை மட்டும் தனியாக விட்டுச் செல்வது, இயன்றவரை செய்யக் கூடாத காரியம். வேறொரு இழுவை வண்டியைக் கொண்டுவந்து மாட்டினால் சில நிமிடங்களில் முழு லோடும் போய்விடும். செய்துதான் ஆக வேண்டும் என்றால், டிரெய்லரின் கொக்கிமுனையான கிங்பின்னுக்குப் பூட்டுப் போடுங்கள். காற்று பிரேக் இணைப்புக்கும் தனிப் பூட்டு கிடைக்கிறது. இரண்டும் இருந்தால் அந்த டிரெய்லரை விட்டு அடுத்ததைத் தேடும் வாய்ப்பு அதிகம்.

தூங்கும்போது இரண்டு கதவுகளையும் உள்ளே இருந்து பெல்ட்டாலோ, அதற்கென விற்கப்படும் பட்டையாலோ ஒன்றோடொன்று இணைத்துக் கட்டிக்கொள்ளும் பழக்கம் ஓட்டுநர்களிடையே உண்டு; பூட்டை உடைத்தாலும் கதவு திறக்காது என்பதால் நல்ல பழக்கம்தான். தீப்பிடித்தால் சட்டென்று அவிழ்க்க முடிகிறதா என்று ஒருமுறை இருட்டில் முயன்று பாருங்கள். கேபினுக்குள் மயக்க வாயுவைச் செலுத்தி ஓட்டுநரைத் தூங்கவைத்துத் திருடுகிறார்கள் என்ற பேச்சும் பரவலாக உண்டு. தூங்குகிறவர் அறியாமல் அப்படிச் செய்வது நடைமுறையில் இயலாது என்று பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் கல்லூரி விளக்கியிருக்கிறது. அதற்கான கருவிக்குச் செலவிடும் பணத்தை ஒரு நல்ல கதவுப் பூட்டுக்குச் செலவிடலாம்.

சீலைப் படிக்கத் தெரிந்துகொள்ளுதல்

சீல் என்பது பூட்டு அல்ல. யாராவது திறந்தார்களா என்பதைச் சொல்வதே அதன் முதல் வேலை. ஐஎஸ்ஓ 17712 என்ற பன்னாட்டுத் தரநிலை சீல்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது: திறந்ததைக் காட்ட மட்டும் உதவும் ஐ வகை, ஓரளவு தடுக்கும் எஸ் வகை, உயர் பாதுகாப்புக்கான ஹெச் வகை. கன்டெய்னர்களில் நாம் பார்க்கும் தடித்த போல்ட் சீல் பெரும்பாலும் ஹெச் வகையைச் சேர்ந்தது. இழுவிசைச் சோதனையில் குறைந்தது 10 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும், அறுக்கப் பெரிய போல்ட் வெட்டி தேவை. சீலின் மீது அந்த வகை எழுத்து அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத சீலை விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் சீலைச் சரிபார்க்க நான்கு செயல்கள் உண்டு: பார்த்தல், எண்ணை ஒப்பிடுதல், இழுத்தல், திருகுதல். அமெரிக்கச் சுங்கத் துறை 2001-இல் தொடங்கிய வணிகக் கூட்டுப் பாதுகாப்புத் திட்டத்தில் இந்த நான்கும் கற்றுத்தரப்படுகின்றன. முதல் இரண்டையும் எல்லோரும் செய்கிறார்கள். அடுத்த இரண்டும்தான் விட்டுப்போகின்றன. அறுத்த சீலைப் பசை போட்டு ஒட்டிவைத்தால் கண்ணுக்குத் தெரியாது. கையால் வலுவாக இழுத்து, தலையையும் உடலையும் எதிரெதிர்த் திசையில் திருகினால் கழன்று கையோடு வந்துவிடும்.

இனி, சீலை விட்டுக் கண்ணைச் சற்று நகர்த்துங்கள். சீலைத் தொடாமலே கதவைத் திறக்க முடியும் என்பதுதான் பலருக்கு வியப்பளிக்கும் விஷயம். கன்டெய்னர் கதவின் கைப்பிடியைப் பூட்டுத் தண்டோடு இணைப்பது ஒரு ரிவெட் அல்லது போல்ட். அதைத் துளையிட்டு எடுத்தால் கைப்பிடியும் சீலும் அப்படியே இருக்க, தண்டு மட்டும் சுழன்று கதவு திறந்துவிடும். வேலை முடிந்ததும் புதிய ரிவெட்டைப் பொருத்தி, மேலே பெயின்ட் பூசிவிடுவார்கள். டார்ச் விளக்கைக் கதவுக்குச் சாய்வாகப் பிடித்து அந்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான்கில் மூன்று துருவேறி, தூசி படிந்து, பெயின்ட் உரிந்திருக்க, ஒன்று மட்டும் பளபளப்பாகவோ சற்றே வேறு நிறத்திலோ இருந்தால், அதைச் சுற்றி விரலால் தடவினால் பிசுக்கும் பெயின்ட் ஒட்டினால், சீல் முழுதாக இருந்தாலும் கதவு திறக்கப்பட்டிருக்கலாம். கதவுக் கீல்களின் ஊசிகளையும் இதேபோல் பார்க்க வேண்டும். காலையில் கிளம்பும் முன் இதற்கு ஆகும் நேரம் மூன்று நிமிடம். இறக்கும் இடத்தில் அட்டைப் பெட்டிகள் குறைந்த பிறகு, எங்கே எப்போது போனது என்று தெரியாமல் திண்டாடுவதை ஒப்பிட்டால் அந்த மூன்று நிமிடம் மிக மலிவு.

ஏற்றும் இடத்திலும் ஓட்டுநர் உடனிருந்து, சீல் போடுவதைக் கண்ணால் பார்த்து, எண்ணை சரக்கு ஆவணத்தில் எழுதி, கைப்பேசியில் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வழியில் அதிகாரிகள் சோதனைக்காகச் சீலை உடைத்தால், உடைத்தவரின் கையொப்பத்தோடு பழைய எண்ணும் புதிய எண்ணும் ஆவணத்தில் ஏற வேண்டும்.

ஜிபிஎஸ் மௌனமானால்

வண்டி இருக்கும் இடத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் திருட்டு நிற்காது. கருவியை நம்பும் நிறுவனங்கள் மறந்துவிடுவது ஜாமர்களை. கேபினில் உள்ள மின் இணைப்பில் செருகும் அளவுக்குச் சிறிய ஜாமர், செயற்கைக்கோளிலிருந்து வரும் பலவீனமான சிக்னலை இரைச்சலால் மூழ்கடித்துவிடுகிறது. சில வகைகள் கைப்பேசி அலைவரிசையையும் சேர்த்து அடைத்துவிடும். அப்போது கட்டுப்பாட்டு அறையின் திரையில் வண்டி கடைசியாக இருந்த இடத்திலேயே அமைதியாக நின்றுகொண்டிருப்பதுபோல் தெரியும். சிக்னல் வராமை என்பதையே அலாரமாக அமைத்துக்கொள்ள வேண்டும். மலைப்பாதையாலோ சுரங்கப்பாதையாலோ சிக்னல் போகும் இடங்கள் உங்கள் வழித்தடத்தில் எவை என்று முன்பே குறித்து வைத்துக்கொண்டால், குறிக்கப்படாத இடத்தில் வரும் மௌனம் உடனே கண்ணில் படும்.

வண்டியில் ஒரு கருவி என்றால், விலை உயர்ந்த லோடுகளில் பேட்டரியில் இயங்கும் இரண்டாவது கருவியைச் சரக்குக்குள்ளேயே மறைத்து வைப்பது நல்லது. இழுவை வண்டியை விட்டுவிட்டுச் சரக்கை மட்டும் வேறு வண்டிக்கு மாற்றினாலும் அது கூடவே போகும். டிரெய்லர் கதவில் திறப்பை உணரும் சென்சார், திட்டமிட்ட பாதையை விட்டு விலகினால் எச்சரிக்கும் ஏற்பாடு ஆகியவையும் உதவும். ஆயினும், எச்சரிக்கை ஒலித்ததும் யார் எழுந்து, யாரை அழைப்பது, ஓட்டுநர் எடுக்காவிட்டால் எத்தனையாவது நிமிடத்தில் காவல்துறையை அழைப்பது என்பது எழுதப்பட்டிருக்காவிட்டால், அத்தனை கருவியும் வீண். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில் இந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்காதவரை அது வேலை செய்கிறது என்று நம்ப வேண்டாம்.

தகவல் கசிவும் போலி நிறுவனங்களும்

எந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே பெரும்பாலான பெரிய திருட்டுகள் நடக்கின்றன. அதனால் சரக்கின் விவரம் தேவைப்படுவோருக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஆவணங்களை முன்கண்ணாடிக்குக் கீழே படிக்கும்படி வைப்பது, ஓய்விடத்தில் லோடு பற்றிப் பேசுவது, வண்டியின் முன் நின்று படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் இருப்பிடத்தோடு போடுவது மூன்றையும் நிறுத்த வேண்டும். ஓடும்போது பக்கத்தில் வந்து, டயரில் புகை வருகிறது, பின்விளக்கு எரியவில்லை என்று சைகை காட்டி நிறுத்தச் சொன்னால், ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடம் வரை மெதுவாக ஓட்டிச் சென்று பிறகே பார்க்கலாம்.

அண்மைக் காலத்தில் பூட்டை உடைக்காமலே முழு லோடையும் கொண்டுபோகும் முறை பரவியிருக்கிறது. லோடு தேடும் இணையச் சந்தைகளில், உண்மையான ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் பெயரையும் காப்பீட்டுச் சான்றையும் நகலெடுத்து, மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, மலிவான வாடகைக்கு லோடை ஒத்துக்கொள்வார்கள். வண்டி வரும், முறையாக ஏற்றும், கையெழுத்துப் போட்டுக் கிளம்பும். பிறகு தொலைபேசி எடுக்கப்படாது. இதைத் தடுக்க, அவர்கள் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் எண்ணை வேறு வழியில் நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள். காப்பீட்டுச் சான்றைக் காப்பீட்டு நிறுவனத்திடமே சரிபாருங்கள். வரப்போகும் ஓட்டுநரின் பெயர், அடையாள அட்டை எண், வண்டி எண், டிரெய்லர் எண் ஆகியவை முந்தைய நாளே கிடங்குக்குப் போயிருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் ஏற்றுவதை நிறுத்தி அலுவலகத்தைக் கேட்க வேண்டும். எடுத்த லோடை மற்றொருவருக்கு எழுத்து அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். சந்தை வாடகையைவிட வெகுவாகக் குறைத்துக் கேட்பவரைக் கண்டு மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

இதன் இன்னொரு வடிவம், இறக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நடக்கிறது. கையில் கோப்போடு, மேலே பிரதிபலிப்புச் சட்டை அணிந்த ஒருவர் வாசலருகே வண்டியை நிறுத்தி, உள்ளே இடமில்லை, பக்கத்துக் கிடங்கில் இறக்கிவிடுங்கள் என்பார். முகவரி எந்தக் காரணத்தால் மாறினாலும், சரக்கை ஒப்படைத்த அலுவலகம் எழுத்தில் உறுதி செய்யும்வரை ஒரு பெட்டிகூட இறங்கக் கூடாது.

திருட்டு நடந்துவிட்டால்

திருடர்கள் இன்னும் வண்டியருகே இருந்தால் ஓட்டுநர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. கதவைப் பூட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்தி, காவல்துறையை அழைப்பதே அவர் செய்ய வேண்டியது. சரக்கைக் காப்பாற்றாததற்காக அவரிடம் பிறகு யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை என்பதை நிறுவனம் முன்கூட்டியே, தெளிவாக, எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அவர்கள் போன பிறகு கதவையும் திரையையும் தொடாமல், வண்டியை நகர்த்தாமல், படம் மட்டும் எடுங்கள். அறுந்து விழுந்த சீல் துண்டு கீழே கிடந்தால் அங்கேயே இருக்கட்டும். நிறுத்துமிடத்தாரிடம் கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படி அன்றே எழுத்தில் கேளுங்கள். சில நாட்களில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். பெட்டிகளின் தொடர் எண்களும் தொகுதி எண்களும் அடங்கிய பட்டியல் முதல் மணி நேரத்திலேயே காவல்துறையின் கையில் இருந்தால்தான் பொருள் எங்காவது விற்பனைக்கு வரும்போது அடையாளம் காண முடியும். அந்தப் பட்டியலைச் சரக்கு உரிமையாளரிடம் ஏற்றும் நாளிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, உணவு போன்றவற்றில் சீல் உடைந்திருந்தாலே, ஒன்றும் குறையாவிட்டாலும், முழு லோடும் நிராகரிக்கப்படலாம் என்பதால் உரிமையாளரிடம் கேட்காமல் மீதியை இறக்கப் போகக் கூடாது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். ஆளில்லாமல் நிறுத்திய வண்டிக்கு இழப்பீடு இல்லை என்றோ, குறிப்பிட்ட தரமுள்ள இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்றோ பாலிசியில் வரி இருக்கிறதா என்பதை இழப்பு நேர்ந்த பின் தேடாமல், பாலிசி எடுக்கும் நாளிலேயே படித்து ஓட்டுநருக்கும் விளக்கிவிட வேண்டும். பன்னாட்டுச் சாலைச் சரக்குக்கான 1956-ஆம் ஆண்டின் சிஎம்ஆர் உடன்படிக்கையின்படி சரக்கைக் கொண்டுசெல்லும் போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு பொதுவாகக் கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர் என்ற வரம்புக்குள் அடங்கும். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. வேண்டுமென்றே செய்த தவறு அல்லது வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்தின் சட்டம் அதற்குச் சமமாகக் கருதும் கவனக்குறைவு என்று நிரூபணமானால் அந்த வரம்பு பறிபோகும். அப்போது எங்கே நிறுத்துவது என்று எப்படித் தீர்மானித்தீர்கள் என்பதே முதல் கேள்வியாக வரக்கூடும். கிளம்பும் முன் எழுதிய நிறுத்தத் திட்டம், முன்பதிவு ரசீது, சீல் படங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநர் சரிபார்த்த நேரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் பயண வாரியாகச் சேர்த்து வையுங்கள். வழக்கு முடியும்வரை அந்தக் கோப்பை அழிக்க வேண்டாம்.